4790கே, 4.7 கிகாஹெர்ட்ஸ், சித்திரை வெயில்: தண்ணியா, காத்தா?

கல்லுக்கட்டி_47
சிபியு இன்டெல் ஐ7-4790கே, இசட்97 மதர்போர்டு. ஓவர்கிளாக் பண்ணி 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.30 வோல்ட். கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. சிபியு மேல ஒத்தை ஃபேன் டவர் கூலர். காரைக்குடில மத்தியானம் அறைக்குள்ளயே 36 டிகிரி. சிபியு சூடு கேம்ல 88, பிரைம்95 (சிபியுவை முழு லோடுல சோதிக்கிற புரோகிராம்) போட்டா 100 தொட்டு த்ராட்டில் ஆகுது, தானா வேகத்தைக் குறைச்சுக்குது. 240 மிமீ ஏஐஓ (பம்ப், குழாய், ரேடியேட்டர் ஒண்ணாச் சேர்ந்த தண்ணி கூலர்) வாங்கலாமா?

பள்ளத்தூர்_ரேடியேட்டர்
வாங்குங்க. இங்க பிரச்சனை சிபியு மட்டும் இல்ல, அந்த 1080 டிஐயும்தான். 250 வாட் கார்டு, அவ்வளவு சூட்டையும் கேபினெட்டுக்குள்ளயே கக்கும். டவர் கூலர் அந்த வெந்த காத்தைத்தான் இழுக்குது. ரேடியேட்டரை முன்னால வச்சு, ஃபேன் உள்ள இழுக்கிற மாதிரி மாட்டினா அறைக்காத்து நேரா அதுல படும். உள்ளே 46, வெளியே 36னா அந்த பத்து டிகிரி லாபம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும்.

தேவகோட்டை_டவர்
அண்ணே, அப்ப சிபியு சூடு ரேடியேட்டர் வழியா உள்ள வந்து கார்டு மேல விழுமே, அதை எந்தக் கணக்குல எழுதுறது?

அதைவிடப் பெரிய விஷயம், இந்தச் சிப்புல அடைப்பு கூலர்ல இல்ல. பழைய சாண்டி பிரிட்ஜ் 2600கே-ல டைக்கும் (உள்ள இருக்கிற சிலிக்கான் சில்லு) அதுக்கு மேல இருக்கிற உலோக மூடிக்கும் நடுவுல சால்டர் (உலோகப் பற்று). 4790கே-ல வெறும் பேஸ்ட், முந்தின 4770கே-ஐ விடக் கொஞ்சம் நல்ல பேஸ்ட், அவ்வளவுதான். டை பரப்பே 177 சதுர மிமீ. கண்மாய் மடை அடைச்சுக் கிடக்கையில வாய்க்காலை அகலமா வெட்டி என்ன பிரயோசனம்?

தம்பி, செலவில்லாத வேலையை முதல்ல பாருங்க. சூடு ஏறக்குறைய வேகம் பெருக்கல் வோல்ட்டேஜின் வர்க்கம். 4.2-ல 1.15 வோல்ட்டுக்கு 88 வாட்னு வச்சுக்கிட்டா, 4.7-ல 1.30 வோல்ட்டுக்கு 126 வாட் வருது. 4.5-ல 1.20 வோல்ட் நின்னா 103தான். வேகத்துல நாலு சதவீதம் விட்டுக் கொடுக்கிறீங்க, சூட்டுல பதினெட்டு சதவீதம் போகுது. கார்டு முழுசா ஓடுற கேம்ல அந்த நாலு சதவீதம் கண்ணுக்கே தெரியாது.

இன்னொண்ணு, பிரைம்95 எந்தப் பதிப்பு? வோல்ட்டேஜ் அடாப்டிவ்ல (சிப்பே ஏத்தி இறக்கிக்கிற முறை) இருந்தா, ஏவிஎக்ஸ் வேலை (சிபியுவை ரொம்பச் சூடாக்கிற கனமான கணக்கு) வரும்போது ஹாஸ்வெல் (உங்க 4790கே-யோட சிப் குடும்பம்) தானாவே நீங்க போட்டதுக்கு மேல வோல்ட்டேஜை ஏத்திக்கும். பயாஸ்ல மேனுவல்னு மாத்திட்டு, ஏவிஎக்ஸ் இல்லாத 26.6 பதிப்புல சோதிங்க. அந்த 100-ல பாதி வில்லங்கம் இதுவாத்தான் இருக்கும்.

பள்ளத்தூர்_ரேடியேட்டர்
வோல்ட்டேஜ் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா பெரிய டவர்னதும் எல்லாரும் சொல்ற நாக்டுவா என்எச்-டி15, ஃபேனோட 1.3 கிலோ, உயரம் 165 மிமீ. பத்து வருஷப் போர்டுல அதைத் தொங்கவிட்டுட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப வண்டி டிக்கில படுக்க வைக்காம கொண்டுவந்தா போர்டு வளையும். ரேம் மேல உயரமா ஹீட்சிங்க் இருந்தா முன் ஃபேனும் இடிக்கும். ஏஐஓவில சாக்கெட் மேல உட்கார்றது சின்ன பம்ப் தலை மட்டும்தான்.

துரு_பிடித்தவன்
ஏஐஓவின் ஆயுளை யாரும் பேசவில்லையே. பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர் அலுமினியம், சிபியு மேல் உட்காரும் தட்டு செம்பு. இரண்டும் ஒரே திரவத்தில் நனைந்தால் அலுமினியம்தான் கரையும். அதைத் தடுக்கத் திரவத்தில் மருந்து கலந்திருப்பார்கள். அது தீரத் தீர வண்டல் சேர்ந்து செம்புத் தட்டின் நுண்பள்ளங்களை அடைக்கும். ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். ஐந்தாறு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே செகண்ட்ஹேண்ட் ஏஐஓ வேண்டவே வேண்டாம். 1948-ல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டிய செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) துருவைப் பற்றியே தனி ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஊரிலிருந்துகொண்டு செம்பையும் அலுமினியத்தையும் ஒரே குழாயில் கோக்காதீர்கள்.

கஸ்டம் லூப் (பாகம் பாகமாக நாமே கோக்கும் தண்ணீர் கூலர்) ஆசை இருந்தால், பாகங்கள் எல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று ஒரே குடும்பமாக இருக்கட்டும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்கத்தான். லூப்பில் டிஸ்டில்டு வாட்டரும் பாசி, துரு தடுக்கும் மருந்தும் மட்டும்.

தேவகோட்டை_டவர்
விஆர்எம்மையும் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தர்ற போர்டு பகுதி) சேர்த்துக்குங்க. டவர் ஃபேன் காத்து சாக்கெட்டைச் சுத்தியும் படும். அதைக் கழட்டிட்டு பம்ப் தலையை வச்சா 1.30 வோல்ட் ஓவர்கிளாக்ல விஆர்எம் ஹீட்சிங்க் காத்தில்லாம காயும். இசட்97 புதுசா கிடைக்கிறது கஷ்டம், போனா போர்டோட சிபியுவும் சும்மா கிடக்கும்.

பள்ளத்தூர்_ரேடியேட்டர்
அதுக்கு ஒரு 80 மிமீ ஃபேன் போதும். வாங்கினா இதைக் கவனிங்க:

பெட்டியில 115எக்ஸ் பிராக்கெட் (உங்க 1150 சாக்கெட்டுல கூலரை மாட்டுற சட்டம்) இருக்கான்னு முதல்ல பாருங்க. 1150, 1151, 1155, 1200 எல்லாத்துக்கும் துளை தூரம் 75 மிமீ, 1700-க்கு 78. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 மாதிரி புது மாடல் சிலதுல பழைய பிராக்கெட்டே கிடையாது.

முன்னால மாட்டினா குழாய் கீழ்ப்பக்கம் வரணும், ரேடியேட்டரோட மேல்தலை பம்ப்பைவிட உயரமா இருக்கணும். இல்லாட்டி உள்ள இருக்கிற காத்து பம்ப்புல போய் தங்கி, களகளன்னு சத்தம் வரும், பம்ப்பும் தேயும்.

பம்ப் ஒயரை போர்டுல மாட்டுறப்ப அந்த ஹெடரை (ஒயர் மாட்டுற பின்) 100 சதவீதத்துல நிறுத்துங்க. தானா வேகம் குறைக்கிற ஹெடர்னா வோல்ட்டேஜ் இறங்கி பம்ப் திணறும்.

சோதனை பத்து நிமிஷத்துல முடிக்காதீங்க. தண்ணி சூடாகி நிலைக்கு வர அரைமணி ஆகும். லோடு போட்ட நொடியே 95னா பேஸ்ட் சரியா படல, இல்லாட்டி பம்ப் ஓடல. இருபது நிமிஷம் மெதுவா ஏறினா ரேடியேட்டர்ல தூசி.

கல்லுக்கட்டி_47
கேபினெட்ல கூலர் உயரம் 160 தான். டி15 நுழையாது. சிப்போட மூடியைப் பிரிச்சு, பேஸ்ட்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் போட்டா?

துரு_பிடித்தவன்
பத்து டிகிரிக்கு மேல் குறையும். ஆனால் ஹாஸ்வெல்லில் டைக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் திறந்து கிடக்கின்றன. ஒரு சொட்டு வழிந்தாலும் ஷார்ட். முதலில் அவற்றின் மேல் நெயில் பாலிஷ் இரண்டு கோட். லிக்விட் மெட்டலில் காலியம் உண்டு, அது அலுமினியத்தைத் தின்றுவிடும்; ஆகவே டைக்கும் மூடிக்கும் நடுவில் மட்டும்.

தேவகோட்டை_டவர்
கை நடுங்கினா அது வேணாம். 155 மிமீ இரட்டை டவர் இருக்கு, பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரி. 240 ஏஐஓவைவிட விலையும் குறைவு. அதுக்கும் முன்னால ஒரு சோதனை: 4.5, 1.20 வச்சு கேமை அரைமணி ஓட்டிப் பாருங்க. அப்புறம் பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு இன்னொரு அரைமணி. பெருசா குறைஞ்சா குற்றம் கேபினெட் காத்துல. குறையலைன்னா சிப்புக்குள்ள இருக்கிற பேஸ்ட்டுல.

பெட்டியைத் தரையில வைக்காதீங்க. ஆத்தங்குடிக் கல் குளுகுளுன்னுதான் இருக்கும், ஆனா கூட்டுற தூசியெல்லாம் முன் ஃபில்டர்லதான் போய் அடையும். ஒரு பலகை மேல, வளவு முற்றத்துப் பக்கம் வைங்க.

கல்லுக்கட்டி_47
ஓட்டிப் பாத்தாச்சு. 4.5, 1.20 வோல்ட்: பக்கவாட்டு மூடி போட்டு 79, கழட்டி 71. அறை 35.

பள்ளத்தூர்_ரேடியேட்டர்
எட்டு டிகிரி! நான் முதல் பதிவுலயே சொன்னேன், உள்காத்துதான் வில்லன். முன்னால ரேடியேட்டர்.

தேவகோட்டை_டவர்
முன்னால 140 மிமீ ஃபேன் ரெண்டு போட்டாலும் அதே எட்டுல பெரும்பகுதி வரும்ண்ணே. இப்ப முன்னால எத்தனை ஃபேன் இருக்கு தம்பி?

கல்லுக்கட்டி_47
ஒண்ணு. சுத்துதான்னு இப்பத்தான் பாக்கிறேன்... சுத்தல.