பின்வளவு நீச்சல் குளத்தைத் தாமரைக் குளமாக்கலாமா? சிட்னியில் செய்தவர்கள் சொல்லுங்கள்

வாரூங்காக்காரன் கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் வாரூங்காவில் இந்த வீட்டை வாங்கும்போதே பின்னால் கான்கிரீட் நீச்சல் குளம் இருந்தது. 9 மீட்டருக்கு 4 மீட்டர், ஆழம் சராசரியாக ஒன்றரை மீட்டர், உப்பு போட்டுக் குளோரின் உண்டாக்கும் வகை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை டிசம்பர், ஜனவரி முழுக்க அதிலேயே கிடந்தார்கள். இப்போது மகன் மெல்பர்னில், மகளுக்கு வீட்டுக்கு வரவே நேரமில்லை. யாரும் இறங்காத தண்ணீருக்காக பம்ப் தினமும் ஓடுகிறது. கரண்ட் பில், ஆசிட், உப்பு, யூகலிப்டஸ் இலை அள்ளுவது என்று பணமும் போகிறது, சனிக்கிழமையில் பாதியும் போகிறது.

மண்ணைக் கொட்டி மூடிவிட்டுத் தோட்டம் போடலாம் என்கிறாள் என் மனைவி. எனக்கு மனசு வரவில்லை. கும்பகோணத்தில் குளக்கரையில் வளர்ந்தவன், வீட்டில் இருக்கிற தண்ணீரை மூடுவதற்குக் கை வராது. தாமரையும் மீனும் இருக்கிற, தவளைகள் தானாக வருகிற குளமாக இதை மாற்ற முடியுமா? முழுவதும் வேண்டாம், ஒரு பாதி குளம், ஒரு பாதி செடி என்றாலும் சரி. அவளுக்கு முதல் பயம் கொசு. எனக்கு உப்புத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியவில்லை. கான்கிரீட்டை உடைக்க வேண்டுமா, சுற்றி இருக்கிற வேலியை எடுத்துவிடலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டர்ராமுர்ரா தவளை:

தாராளமாகச் செய்யலாம், கான்கிரீட்டில் கையே வைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் செய்து சில வருடம் ஆகிறது. நீங்கள் இருப்பதும் கூ-ரிங்-கை கவுன்சில் எல்லைதானே, அவர்களிடமே 'பூல் டு பாண்ட்' என்று இதற்காகவே ஒரு திட்டம் உண்டு. முதலில் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இந்த மண்ணுக்குரிய மீன் எது, செடி எது என்று அங்கே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குளோரினைப் பற்றிக் கவலை வேண்டாம். குளோரினேட்டரை நிறுத்திவிட்டால் வெயிலிலேயே போய்விடும். உப்புதான் கணக்குப் போட வேண்டிய விஷயம். உங்கள் அளவுக்கு 54,000 லிட்டர் தண்ணீர் வருகிறது, லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று வைத்தாலும் 270 கிலோ அதில் கரைந்து கிடக்கிறது. தாமரை இதைத் தாங்காது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு மழைநீரால் நிரப்புங்கள், உப்பு பாதியாகும், அப்புறம் இன்னொரு முறை. கூரைத் தண்ணீர் வரும் குழாய் ஒன்றைக் குளத்துக்குத் திருப்பிவிட்டால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். இறைக்கும் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும், தெரு ஓரத்து மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள், அது நேராக ஓடைக்குப் போய் அங்கே இருக்கிறதைக் கொன்றுவிடும்.

பிறகு தண்ணீர் பச்சையாகும். பாசி வந்து அடியே தெரியாது. இங்கேதான் நிறையப் பேர் பயந்துபோய் மருந்தைக் கொட்டிவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு கட்டத்தில் கடுகை விடச் சின்னதாகத் துள்ளித் துள்ளி நீந்துகிற புள்ளிகள் தெரியும். அவை நீர்த்தெள்ளுகள், பாசியைத் தின்பவை. அவை பெருகி, செடிகளும் வேர்பிடித்துவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடும். யூகலிப்டஸ் இலை விழுந்து தேநீர் நிறத்துக்கு வரும், அது அழுக்கில்லை. இலை அள்ளும் வேலை மட்டும் முழுசாகப் போகாது, அடியில் மக்கிச் சேராமல் அவ்வப்போது வலைபோட்டு எடுக்க வேண்டும்.

செடிகளுக்கு ஆழம் கூடாது. பெசர் பிளாக் என்கிற உள்ளீடற்ற சிமெண்ட் கற்களை ஓரமாகப் படிபோல அடுக்கி, அதன்மேல் தொட்டிகளை வையுங்கள். உடைக்கிற வேலையே இல்லை, பிடிக்கவில்லையென்றால் நகர்த்தலாம். ஆழத்தில் வாலிஸ்நேரியா போன்ற முழுகி வளர்கிற செடி, விளிம்பில் இந்த ஊர்க் கோரை வகைகள். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் இலை நிழல் இருந்தால் பாசி அடங்கும். நார்டூ என்று ஒன்று கிடைக்கும், பார்த்தவுடன் நம் ஆரைக்கீரை என்பீர்கள், நாலு இலை அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே பேரினம்தான். ஆனால் பறித்துக் கூட்டு வைத்துவிடாதீர்கள். அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி உண்டு. 1861-இல் ஆஸ்திரேலியாவைக் குறுக்காகக் கடக்கப் போன பர்க், வில்ஸ் பயணக் குழு பாலைவனத்தில் அதைத் தின்றும் மெலிந்துகொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். பழங்குடி மக்கள் அதைப் பக்குவப்படுத்துகிற முறையே வேறு.

பென்டில்ஹில் அக்கா:

தம்பி, நல்ல எண்ணம், செய்யுங்கோ. ஆனால் வீட்டில் தங்கச்சியின் பயத்தையும் தள்ளிவிடக் கூடாது. நுளம்பு, அதுதான் கொசு, பெருகுவது மீன் இல்லாத தேங்கின தண்ணீரில்தான். பம்பை நிறுத்திவிட்டுப் பாதியில் போட்டுவைத்த குளம், பூந்தொட்டித் தட்டு, அடைபட்ட கூரைப் பீலி, இவைதான் ஆபத்து. நுளம்பால் வருகிற ரொஸ் ரிவர் காய்ச்சல் இந்த மாநிலத்தில் உண்டு, விளையாட்டில்லை. அதனால் பம்பை நிறுத்துவதற்கும் மீன் விடுவதற்கும் நடுவில் நீண்ட இடைவெளி வையாதீர்கள். குளிர்காலத்தில் தொடங்கினால் நுளம்பு குறைவு, வசந்தம் வரும்போது மீனும் விட்டுவிடலாம். தும்பிகள் வந்து முட்டை போட்டால் அதன் குஞ்சுகளும் நுளம்புப் புழுவைத் தின்னும்.

ஆனால் கம்பூசியா மீனை யார் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். நுளம்பைத் தின்னும் என்று 1920-களில் இங்கே கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு ஓடையெல்லாம் அதுதான். உள்ளூர் மீன்களின் செட்டையைக் கடிக்கும், வால்பேத்தையை, அதுதான் தவளைக் குஞ்சை, தின்னும். நியூ சவுத் வேல்ஸில் தீங்குயிர் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 'பசிபிக் புளூ-ஐ' என்ற உள்ளூர் மீனைக் கேட்டு வாங்குங்கோ. விரல் நீளம்கூட வராது, கண் நீலமாக மினுங்கும், கழிமுகத்திலும் வாழ்கிற மீன் என்றபடியால் மிச்சம் கிடக்கிற கொஞ்ச உப்பும் அதற்குப் பெரிதில்லை. வால்பேத்தைகளையும் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

இன்னொன்று, கையுறை இல்லாமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். உங்கள் பக்கம் ஃபனல்-வெப் என்ற கொடிய விஷச் சிலந்தியின் சொந்த இடம். குளத்தில் விழுந்தால் செத்தமாதிரிக் கிடக்கும், ஆனால் ஒரு நாள் வரைக்கும்கூட உயிரோடு இருக்கும். தவளை வந்தால் சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பும் எட்டிப் பார்க்கும், புல்லைக் கட்டையாக வெட்டி வைத்து, நடக்கிற பாதையைத் திறந்தபடி விட்டால் ஒதுங்கிப் போய்விடும். இதையெல்லாம் முதலே சொல்லித்தான் வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும்.

வல்லாரை விருப்பம் என்றால் தனிச் சட்டியில் கரையில் வையுங்கோ. நாங்கள் சம்பல் போட்டுப் பச்சையாகச் சாப்பிடுகிறது, குளத்துத் தண்ணீர் அதில் படக் கூடாது.

கான்கிரீட் கணேசன்:

கட்டுமானத் துறையில் இருக்கிறேன், ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குளத்தை ஒரேயடியாக முழுசாகக் காலி செய்யாதீர்கள். மழை பெய்து சுற்றியிருக்கிற மண்ணில் நீர் ஊறியிருக்கும்போது, உள்ளே எடை இல்லாத தொட்டியை நிலத்தடி நீர் கீழிருந்து தூக்கும். கான்கிரீட் தொட்டி விரிசல் விடும், சில சமயம் ஒரு பக்கம் மேலேயே வந்துவிடும், ஃபைபர்கிளாஸ் இன்னும் சுலபமாக எழும்பும். 2022-இல் சிட்னியில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும், அப்படி ஒரு வருடத்தில் காலிக் குளம் வைத்திருப்பது ஆபத்து. மேலே சொன்னமாதிரி பாதி பாதியாக இறைப்பதுதான் சரி.

மண் போட்டு மூடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பேச உதவும். 54 கன மீட்டர் மண் என்றால் கிட்டத்தட்ட 80 டன். வீட்டுப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் சந்துதான் இருக்கும் என்றால் அதை எப்படிக் கொண்டுபோவீர்கள்? அடித்தளத்தில் துளை போடாமல் மண் கொட்டினால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் அடிமண் அழுகும், மேலே வைக்கிற மரம் நிற்காது. துளை போட்டு, மேல்விளிம்பை உடைத்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். செய்யலாம், ஆனால் 'மண்ணைக் கொட்டி மூடுவது' என்று சொல்கிற அளவுக்குச் சின்ன வேலை இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. ஆழம் குறைந்த பக்கத்தில் கல்லடுக்கி ஒரு தடுப்புக் கட்டி, அதற்குள் ஜல்லியும் மணலும் நிரப்பிச் சதுப்புத் தோட்டம் போடுங்கள். அந்தப் பக்கம் செடி, இந்தப் பக்கம் தண்ணீர். சின்ன சோலார் பம்ப் வைத்துத் தண்ணீரை ஜல்லி வழியாகச் சுற்றவிட்டால் வேர்களே வடிகட்டி. மனைவிக்குத் தோட்டமும் கிடைக்கிறது.

எப்பிங் வாசகி:

நீந்தவும் ஆசை இருந்தால் அதே சதுப்பு முறையிலேயே செய்யலாம். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 1980-களிலிருந்து செய்கிறார்கள். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரமே 2015-இல் குளோரின் இல்லாத பொது நீச்சல் குளம் திறந்தது, செடிகளும் ஜல்லியும்தான் அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. ஆனால் அதற்குப் பரப்பில் ஏறக்குறைய பாதியைச் செடிக்கு விட வேண்டும், மீன் விடக் கூடாது, அதன் கழிவே பாசிக்கு உரமாகிவிடும். 9 மீட்டர் குளத்தில் நீச்சல், தாமரை, மீன் மூன்றும் சேராது. ஏதாவது ஒன்றை விட வேண்டும்.

வாரூங்காக்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீச்சலை விட்டுவிடுகிறேன். கணேசன் சொன்ன பாதிச் சதுப்புத் தோட்டத்தைக் காட்டியதும் வீட்டில் முகம் மாறியது, கருவேப்பிலை எங்கே வைப்பது என்று பேச்சு போய்விட்டது! வேலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? தாமரை இந்தக் குளிரைத் தாங்குமா? தவளைக்கு என்ன செய்ய வேண்டும், ஓடையிலிருந்து தலைப்பிரட்டை பிடித்து வரலாமா?

டர்ராமுர்ரா தவளை:

வேலியை எடுக்காதீர்கள். மாநிலத்தின் 1992 நீச்சல் குளச் சட்டம் 300 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய, நீந்துவதற்காகக் கட்டிய எதையும் நீச்சல் குளம் என்கிறது. செடி வைத்துவிட்டதால் அது குளமாகிவிட்டதா, நீச்சல் குளப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கலாமா என்பதெல்லாம் கவுன்சில் எழுத்தில் சொல்ல வேண்டியவை. நாளைக்கு வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் அந்தக் கடிதம் கேட்பார்கள். சட்டத்தை விடுங்கள், நாளைக்குப் பேரப்பிள்ளை வரும். தெளிந்த நீச்சல் குளத்தில் விழுந்த குழந்தை கண்ணுக்குத் தெரியும், தாமரை இலைக்குக் கீழே தெரியாது. தானாக மூடிக்கொள்ளும் கதவு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இப்போதே பாருங்கள். வேலியில் கொடி ஏற்றி மறைக்கவும் வேண்டாம், குழந்தை அதைப் பிடித்து ஏறிவிடும்.

தாமரை தாங்கும். குளிர்காலத்தில் இலை காய்ந்து கிழங்கு சேற்றில் தூங்கும், செப்டம்பர், அக்டோபரில் துளிர்க்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், உங்கள் யூகலிப்டஸ் எந்தப் பக்கம் நிழல் போடுகிறது என்று பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். தொட்டியிலேயே வையுங்கள், இல்லையென்றால் முழுக் குளத்தையும் அது எடுத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரையும் சால்வினியா என்ற மிதக்கிற செடியும் மட்டும் உள்ளே வரவே கூடாது, இரண்டும் இங்கே தடைசெய்யப்பட்ட களைகள்.

தலைப்பிரட்டை பிடித்து வராதீர்கள். கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் ஓடைக்கு ஓடை அப்படியும் பரவுகிறது, தவளை இனங்களையே அழித்திருக்கிறது. நீங்கள் கூப்பிடவே வேண்டாம், தானாக வரும். எங்கள் குளத்துக்கு முதலில் வந்தது ஸ்ட்ரைப்ட் மார்ஷ் தவளை. டென்னிஸ் பந்தை அடிப்பதுபோல 'டொக், டொக்' என்று ராத்திரி முழுக்கக் கத்தும், அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். காலையில் செடியோரம் சோப்பு நுரை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு மிதக்கும். யாரோ அழுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று வலைபோட்டு அள்ளிவிடாதீர்கள், குனிந்து பார்த்தால் உள்ளே கருப்புக் கருப்பாக முட்டைகள் இருக்கும். என்ன தவளை என்று தெரிய ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஃபிராக்ஐடி செயலியில் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்புங்கள், ஆட்கள் கேட்டுப் பெயர் சொல்வார்கள்.

பென்டில்ஹில் அக்கா:

ஹோம்புஷ்சில் பழைய செங்கல் சூளைக் குழி ஒன்று இருக்கிறதே, 2000 ஒலிம்பிக்குக்கு டென்னிஸ் மைதானம் அங்கேதான் வர இருந்தது. பச்சை-பொன் மணித் தவளை அங்கே வாழ்கிறது என்று தெரிந்ததும் மைதானத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்த ஊரில் தவளைக்கு அப்படி ஒரு மரியாதை. ஒரு நாள் போய்ப் பாருங்கோ, குழிக்கு மேலே வளைய நடைபாதை ஒன்று கட்டியிருக்கிறார்கள், திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கோ.

வாரூங்காக்காரன்:

கட்டாயம் போகிறேன் அக்கா. கடைசியாக ஒன்று, மீனை எப்போது விடுவது? குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

டர்ராமுர்ரா தவளை:

செடிகள் புது இலை விட்டபிறகு விடுங்கள், முதலில் சிலவற்றை மட்டும். அவை இரை எடுத்துச் சுறுசுறுப்பாக இருந்தால் மீதியை விடலாம். குழாய்த் தண்ணீர் அவசரத்துக்குத்தான். சிட்னியில் பல பகுதிகளுக்கு வருவது குளோரமின் கலந்த தண்ணீர், அது குளோரின் மாதிரி வெயிலில் சீக்கிரம் போகாது. மீன் கடையில் அதை முறிக்கிற திரவம் கிடைக்கும், ஊற்றுகிற தண்ணீரின் அளவுக்குக் கணக்குப் பார்த்துச் சேர்த்தபின் விடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. நீச்சல் குளத்துச் சுவர் செங்குத்தாகவும் வழவழப்பாகவும் இருக்கும், உள்ளே விழுந்த பல்லி, பாஸம், எக்கிட்னா போன்ற சின்ன உயிர்கள் எதுவும் ஏற முடியாது. ஒரு தடித்த மரக்கிளையைத் தண்ணீருக்குள்ளிருந்து கரை வரை சாய்த்து வையுங்கள், ஆழமான பக்கத்தில் ஒன்று, படிக்கட்டு இல்லாத மூலையில் ஒன்று. மீன் விடுவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.