மறு: ‘பைனரி பிளாப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> மடிக்கணினியே தனியுரிமம். அதில் லினக்ஸ் நிறுவிக்கொண்டு கட்டற்ற மென்பொருளை ஆதரிப்பது முரண் இல்லையா?

இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாமல் போவதற்கு, சொல் இல்லாததும் ஒரு காரணம். ‘தனியுரிம மடிக்கணினி’ என்று மொத்தமாகச் சொன்னால் எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்பது மறைந்துவிடுகிறது. பல மடிக்கணினிகளில் இயங்குதளமும் பயன்பாட்டுச் செயலிகளும் முழுக்கத் திறமூலமாகவே இருக்கலாம். வைஃபை சில்லு, வரைகலைச் சில்லு போன்றவற்றுக்கு வேண்டிய நிரலை மட்டும், மூலநிரல் (மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம்) தராமல், கணினி மட்டும் ஓட்டக்கூடிய இரும வடிவில் நிறுவனங்கள் தருகின்றன. ஆங்கிலத்தில் ‘பைனரி பிளாப்’ எனப்படும் அதற்குத்தான் நாம் பெயரிட வேண்டும்.

> ‘மூடிய நிலைபொருள்’ போதாதா?

போதாது. நிலைபொருள் (ஃபர்ம்வேர்) என்பது வன்பொருளுக்குள் ஓடி அதை இயக்கும் நிரல் மட்டுமே. வரைகலைச் சில்லு நிறுவனமான என்விடியா, 2022இல் தன் லினக்ஸ் கருவக்கூறுகளின் (இயங்குதளத்தின் மையமான கருவகத்தோடு இணையும் பகுதிகள்) மூலநிரலை வெளியிட்டது. சில்லில் ஓடும் நிலைபொருளையும் பயனர்வெளி இயக்கியையும் (கருவகத்துக்கு வெளியே ஓடும் இயக்கி) அப்படி வெளியிடவில்லை. இரண்டுமே பிளாப். ஆனால் இரண்டாவது நிலைபொருளே அல்ல. ‘இருமக் குமிழ்’ என்ற பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. இருமமாக இருப்பது குற்றமில்லை, தொகுத்த நிரல் எல்லாமே இருமம்தான். மூலம் கிடைக்காததுதான் சிக்கல்.

அதனால் என் முன்மொழிவு: மூலமிலி. முடிவிலி, ஏதிலி என்று ஏற்கெனவே புழங்கும் அமைப்புதான். பன்மை மூலமிலிகள்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘நிலைபொருள் மூலமிலிகளை அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்க்க, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் உருவாக்குநர்கள் 2022இல் வாக்களித்தார்கள், 2023இல் வந்த டெபியன் 12 அப்படியே வெளியானது.’ உறுத்தவில்லை. அந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நிறுவும்போதே வைஃபை வேலை செய்யாவிட்டால் புதியவர் பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடுவார்.

இன்னொரு தேவையும் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, வன்வட்டிலிருந்து சில்லுக்கு ஏற்றப்படும் மூலமிலியை ஏற்பதில்லை. துணைச் சில்லுக்குள்ளேயே பதிந்து, பயனர் மாற்றும்படி அமையாததைப் பெரிதும் வன்பொருளின் பகுதியாகக் கருதி விட்டுவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மாற்றவே முடியாத நிரல் எப்படிக் கூடுதல் சுதந்திரம் தரும்? ஏற்றும் கோப்பையாவது ஒருநாள் யாரேனும் ஆய்ந்து மாற்று எழுதலாம். இந்த வேறுபாட்டை ‘ஏற்று மூலமிலி’, ‘உறை மூலமிலி’ என்று பிரித்துவிட்டால் விவாதம் சரியான இடத்தில் நடக்கும். ‘லினக்ஸ் ஓடுகிறதா’ என்பதோடு நிற்காமல், ‘இதில் மூலமிலிகள் எங்கே இருக்கின்றன, எதை நீக்கலாம்’ என்று கேட்டு மடிக்கணினி வாங்கலாம். கோர்பூட் (கணினியைத் தொடங்கிவைக்கும் திறமூல நிலைபொருள்) ஓடும் இயந்திரத்துக்கும் ஓடாததற்கும் உள்ள தூரத்தை அப்போதுதான் சொல்ல முடியும்.

ஒரு குறை தெரிகிறது: ‘மூலமிலி இல்லாத கணினி’ என்றால் இரட்டை எதிர்மறை. பிளாப்களை அகற்றி வெளியிடப்படும் லினக்ஸ்-லிப்ரே கருவகத்தைக் குறிக்க ‘மூலமிலி நீக்கிய’ என்று எழுதலாம். முதலிலிருந்தே அது இல்லாத வன்பொருளுக்கு நல்ல பெயரடை எனக்குக் கிடைக்கவில்லை. தோன்றுபவர்கள் எழுதுங்கள்.