வயலின் படிக்கும் மகள்: கம்யூனிட்டி காலேஜா, நேரே பல்கலைக்கழகமா?

செவ்வந்தி:
மகளுக்குப் பதினேழு முடிகிறது. ஏழு வயதிலிருந்து கர்நாடக வயலின். மேற்கத்திய முறையைக் கற்கத் தொடங்கி இரண்டே வருடம், அதுவும் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்த பிறகுதான். இசையில்தான் பட்டம் என்று உறுதியாக நிற்கிறாள். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட். நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநில அரசு) பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வாசிப்புக்கே அதிக இடம் தரும் பி.எம். (பேச்சலர் ஆஃப் மியூசிக்) கேட்டிருந்தாள். ஆடிஷனுக்குப் பிறகு பி.ஏ. இசைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். கணவர், வீட்டிலிருந்தே கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரியில், இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார். மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மணல்மேடு:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட் பாடத்துக்கு 46 டாலர். செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690 டாலர். முதல்முறை முழுநேரமாகச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் முதல் இரண்டு வருடம் அதையும் தள்ளுபடி செய்கின்றன. கால் ஸ்டேட்டில் படிப்புக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 6,000 டாலருக்கு மேல். வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் அதுபோல் சில மடங்கு.

என் மகன் டிரம்பெட். கடனே இல்லாமல் வெளியே வந்தான். இசை படித்தவனுக்கு முதல் ஐந்து வருட வருமானம் எங்கிருந்து வருகிறது? நாலு பிள்ளைகளுக்குப் பாடம், சனிக்கிழமை ஒரு கல்யாணம், ஞாயிறு சர்ச். அதில் கடன் தவணையும் கட்டு என்றால் டிரம்பெட்டை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். என் கண்ணெதிரே அப்படிப் போன பிள்ளைகள் உண்டு.

தரம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016ல் டிரம்பெட் கலைஞர் ஹெர்ப் ஆல்பர்ட்டின் அறக்கட்டளை லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. இசை மாணவர்கள் கட்டணமே இல்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பணம் அது. அங்கே நல்ல இசை நடக்காமலா கொடுத்தார்கள்?

சுருதிப்பெட்டி:
மணல்மேடு அண்ணா, பணக் கணக்கில் நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் டிரம்பெட்டுக்குச் சரியாக அமைந்தது வயலினுக்கும் அமையும் என்று சொல்ல முடியாது. பதினொரு வருடமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இசைப் பட்டம் ஒரு ஏணி. தியரி, அதாவது இசை இலக்கணம், நாலு செமஸ்டர், காதுப் பயிற்சி நாலு செமஸ்டர், கூடவே வாரம் ஒரு தனிப் பாடம் எட்டு செமஸ்டர். ஒன்றின் மேல்தான் இன்னொன்று நிற்கும். பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்திலிருந்தே ஒரு வயலின் ஆசிரியர் இவள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாலு வருடமும் பெரும்பாலும் அவர்தான். கம்யூனிட்டி காலேஜ்களில் ஜாஸ் பேண்டும் பாடகர் குழுவும் நன்றாக இருக்கும். தந்தி வாத்தியம்தான் பல இடங்களில் பலவீனம். சில இடங்களில் முழு ஆர்க்கெஸ்ட்ராவே கிடையாது. தனிப் பாடமும் எல்லாக் கல்லூரியிலும் கட்டணத்துக்குள் வராது. வெளியே என் வட்டாரத்தில் மணிக்கு 100 டாலர் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம், டிரான்ஸ்ஃபருக்கு உத்தரவாதம் உண்டு என்பார்கள். கம்யூனிட்டி காலேஜில் டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள இரண்டு வருட அசோசியேட் பட்டம் முடித்தால் கால் ஸ்டேட் அமைப்புக்குள் ஓர் இடம் நிச்சயம். அது கேட்ட ஊரிலேயே, இசைத்துறையிலேயே கிடைக்கும் என்பது நிச்சயம் இல்லை. மறுபடி ஆடிஷன் உண்டு. அந்த வருடம் வயலினில் எத்தனை பேர் பட்டம் வாங்கிப் போகிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் நாற்காலி காலியாகும். இப்போது கையில் இருக்கிற இடத்தை ஏன் விட வேண்டும்?

இரண்டாம்_காலம்:
நான் அந்தப் பாதையில் போனவள். கர்நாடக வயலினிலிருந்துதான் நானும் வந்தேன், அதனால் உங்கள் மகள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது.

கம்யூனிட்டி காலேஜில் நாலு செமஸ்டர் தியரியும் ஏ வாங்கினேன். டிரான்ஸ்ஃபர் ஆன பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே தகுதித் தேர்வு. மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோடு (ஸ்டாஃப்) மட்டும் போட்ட வெறும் தாள் கொடுத்தார்கள். பியானோவில், ஒரே நேரத்தில் ஒலிக்கும் நாலு குரலில், ஒரு சின்னப் பகுதியை நாலைந்து தடவை வாசித்தார்கள், கேட்டு எழுத வேண்டும். மேல் குரல் எனக்கு உடனே வந்துவிட்டது. மனதுக்குள் ஸ்வரமாகவே ஓடியது, அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். கீழ்க் குரல் மட்டும் காதில் ஏறவே இல்லை. பதினோரு வருடம் என் காதுக்குக் கீழே தம்புரா அசையாமல் நின்றிருக்கிறது. கீழே ஒன்று நகரும், அதை ஒரு ராகத்தைக் கேட்பதுபோல் கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த வரியைக் காலியாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் செமஸ்டர் தியரியில் கொண்டுபோய் வைத்தார்கள். அதனால் அங்கே இரண்டு வருடத்தில் முடியவில்லை, மூன்று ஆனது. மொத்தம் ஐந்து. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அந்த வருடத்துக்கே போனது.

அதற்காகக் கம்யூனிட்டி காலேஜே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசித்து வளர்ந்த உடம்பு இது. நின்றுகொண்டு முகவாய்க்கும் தோளுக்கும் இடையில் பிடித்தபோது ஆறு மாதம் தோள் வலி. தந்தியும் ச ப ச ப இல்லை. ஒவ்வொரு தந்திக்கும் நடுவில் ஒரே இடைவெளி, விரல் போகும் இடமே வேறு. அந்த இரண்டு வருடம் அவசரப்படுத்தாமல் என்னை மாற்றிக்கொள்ள விட்டார்கள். அதே நிலையில் செமஸ்டர் முடிவில் நடுவர்கள் முன்னால் வாசித்திருந்தால் உடைந்துபோயிருப்பேன்.

மணல்மேடு:
பார்த்தீர்களா, உடம்பை மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தது எது? தியரி விஷயத்தை முன்னாலேயே சரிபார்த்திருக்கலாம் அம்மா. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் தளத்தில் பாடவாரியாகப் போட்டிருக்கிறார்கள். என் மகனுக்கு முதல் செமஸ்டரிலேயே அதை எடுத்து வைத்துத்தான் பாடம் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாம்_காலம்:
நானும் பார்த்தேன் சார். யூனிட் எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள், ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பதைத் தேர்வுதான் முடிவு செய்தது. அந்த வித்தியாசத்தை யாராவது முன்னால் சொல்லியிருந்தால் கடைசி ஆறு மாதமும் பாஸ் எனப்படும் அந்தக் கீழ்க் குரலை மட்டுமே கேட்டுப் பழகியிருப்பேன்.

சுருதிப்பெட்டி:
செவ்வந்தி அக்கா, மகள் படித்துவிட்டு என்ன செய்ய விரும்புகிறாள்? மேடையா, வகுப்பறையா? இன்னொன்று: பி.ஏ.வில் சேர்ந்துவிட்டு முதல் வருட முடிவில் உள்ளேயிருந்தே பி.எம்.முக்கு மறு ஆடிஷன் கொடுக்கப் பல துறைகளில் விடுவார்கள். பி.ஏ. கிடைத்ததைத் தோல்வியாக எண்ண வேண்டாம். ஒரு வருடமாக இவள் கையைப் பார்த்த ஆசிரியரும் நடுவர்களில் ஒருவராக இருப்பார்.

செவ்வந்தி:
பள்ளியில் ஆர்க்கெஸ்ட்ரா டீச்சராக வேண்டும் என்கிறாள். அவளுடைய பள்ளி டீச்சரைப் பார்த்து வந்த ஆசை. பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்தில் தம்பியும் கல்லூரிக்குப் போவான். வெளியூரில் தங்கிப் படித்தால் கடன் இல்லாமல் முடியாது.

சுருதிப்பெட்டி:
ஆர்க்கெஸ்ட்ரா டீச்சர் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, பல்கலைக்கழகம். வயலின் மட்டும் தெரிந்தால் அந்த வேலைக்குப் போதாது. கிளாரினெட், டிரம்பெட், செல்லோ, தாளக் கருவிகள் ஒவ்வொன்றிலும் ஆரம்ப நிலை வாசிக்கத் தெரிய வேண்டும். அதற்கென்று தனித்தனி வகுப்பு உண்டு, குழு நடத்தவும் பயிற்சி உண்டு. பட்டத்துக்கு மேல் ஆசிரியர் சான்றிதழுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகும். இதையெல்லாம் மூன்றாம் வருடத்தில் வந்து சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் திணிப்பது மிகவும் கடினம்.

மணல்மேடு:
சரி, கடினம். ஆனால் வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறான் என்று அவர்களே சொல்கிறார்கள். ஐந்தாவது வருடம் ஆனாலும், முதல் இரண்டு வருடச் செலவு இல்லாத ஐந்து வருடம், கடனோடு நாலு வருடத்தைவிட அந்தக் குடும்பத்துக்கு லேசு. பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் தவணை கட்டி வீட்டு வாடகையும் கொடுப்பது இந்த மாநிலத்தில் என்ன பாடு என்று எனக்குத் தெரியும், என் மனைவி பள்ளி ஆசிரியை. பல்கலைக்கழகம் போயே ஆக வேண்டும் என்றால், உதவித்தொகையை ஏற்றித்தர முடியுமா என்று இசைத்துறையிலேயே கேளுங்கள். தந்தி வாத்தியக்காரர்கள் குறைவாக உள்ள ஆர்க்கெஸ்ட்ராவாக இருந்தால் கொடுக்கிறார்கள். கேட்காதவர்களுக்குக் கொடுப்பதில்லை.

சுருதிப்பெட்டி:
அண்ணா, இந்தக் கடைசி வரிக்கு என் முழு ஆதரவு. மின்னஞ்சலை மகளே எழுதட்டும்.

செவ்வந்தி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகள் இரண்டு இடத்துக்கும் எழுதினாள். உதவித்தொகை, வயலின் தனிப் பாடம், தியரி தகுதித் தேர்வு, எல்லாமே கேட்டிருக்கிறாள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து காலையிலேயே பதில் வந்துவிட்டது: ஆர்க்கெஸ்ட்ரா உண்டு, வாரம் ஒரு மாலை, தனிப் பாடம் வெளியேதான். பல்கலைக்கழகத்து வயலின் ஆசிரியர் சனிக்கிழமை அரை மணி நேரம் பாடம் எடுத்துப் பார்க்கலாம், வாருங்கள் என்கிறார். உதவித்தொகை பற்றி நேரில் பேசலாமாம். வெள்ளி மதியம் கிளம்புகிறோம். "தரையில் உட்கார்ந்து ஒரு வர்ணம் வாசித்துக் காட்டட்டுமா அம்மா, நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவருக்குத் தெரியட்டும்" என்று கேட்கிறாள். வாசி என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம்_காலம்:
கட்டாயம் வாசிக்கட்டும் அக்கா. காரில் போகும் நாலு மணி நேரமும் ஏதாவது நால்வர் தந்தி வாத்தியக் குழுவின் இசையைப் போட்டுவிடுங்கள். அதில் கீழ்க் குரலான செல்லோவை மட்டும் கேட்டுக்கொண்டே, கூடவே முணுமுணுக்கச் சொல்லுங்கள்.