செலக்டிவ் சர்வீஸ்: எஃப்-1 மாணவரும் பதிய வேண்டுமா?

டாலஸ்வாசி:
அமெரிக்காவில் இருக்கும் 18 முதல் 25 வயது ஆண்கள் எல்லோரும் கட்டாய ராணுவ அழைப்புக்கான அரசுப் பதிவான செலக்டிவ் சர்வீஸில் பதிந்துவிடுவது நல்லது. எஃப்-1 மாணவரையும் சேர்த்தே சொல்கிறேன். பதியாவிட்டால் 5 ஆண்டு சிறை, 2,50,000 டாலர் அபராதம் வரை சட்டத்தில் இடமுண்டு.

வடகரை:
மாணவரைச் சேர்க்காதீர்கள். எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்), ஹெச்-4 (ஹெச்-1பிகாரரின் குடும்பத்தார்), ஹெச்-1பி (வேலை) என்று முறையான விசா ஸ்டேட்டஸில் இருப்பவருக்கு அந்தக் கடமையே கிடையாது. கிரீன் கார்டுக்காரர், அகதி, ஆவணமில்லாதவர் ஆகியோருக்கு உண்டு. 18 வயதானதும் 30 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குப் பின் குடியேறினால், வந்து 30 நாளுக்குள். மாணவர் பதிவதைவிட ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) எல்லாவற்றையும் பத்திரப்படுத்தட்டும். ஏன் பதியவில்லை என்று பிற்பாடு யாராவது கேட்டால் அவைதான் பதில்.

டாலஸ்வாசி:
ஸ்டேட்டஸ் கெட்டுப்போனால்? அனுமதி வாங்காமல் ஒரு செமஸ்டர் பாடங்களைக் குறைத்தாலே போதும். வகுப்புக்குத்தான் போகிறோமே என்று பையன் நினைத்துக்கொண்டிருப்பான்.

வடகரை:
அது உண்மை. ஸ்டேட்டஸ் இழந்து 30 நாள் தாண்டினால் பதிந்தே ஆக வேண்டும். ஆனால் அது ஸ்டேட்டஸ் இழந்தவருக்கான விதி. அதைக் காட்டி எல்லா மாணவரையும் பதியச் சொல்வது தவறு.

பனிமலை:
சிறை என்று பயமுறுத்துவதை விடுங்கள். 1986க்குப் பிறகு இதற்காக யார் மீதும் வழக்குப் போடவில்லை. உண்மையான அடி குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போடும்போது விழும். 26 வயது ஆகிவிட்டால் பதிவை ஏற்கவே மாட்டார்கள். பதியாமல் 26 முதல் 31 வயதுக்குள் விண்ணப்பிப்பவர், தெரிந்தே தவிர்க்கவில்லை என்று தானே நிரூபிக்க வேண்டும். 31 தாண்டினால் பொதுவாகத் தடையில்லை, ஏனென்றால் நன்னடத்தை பார்ப்பது கடைசி 5 ஆண்டுக்குத்தான். 24 வயதில் வந்து இறங்கியவனுக்கு இந்த விதியை யார் சொன்னார்கள்? எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

டாலஸ்வாசி:
அநியாயம் என்பதாலேயே முன்கூட்டிப் பதியச் சொல்கிறேன். ஹெச்-4இல் வளர்ந்த பையன் 21 வயதில் எஃப்-1க்கு மாறுகிறான், 25இல் கிரீன் கார்டு வருகிறது. இத்தனை நாள் விலக்கு இருந்ததே என்ற நினைப்பிலேயே 26 தாண்டிவிடும்.

வடகரை:
அவன் கிரீன் கார்டு வந்த பிறகு பதிந்தால் போதும். 26 ஆன பின்பு கார்டு வந்தால் அதுவும் வேண்டாம். இங்கிருந்தே ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்ட 18–25 வயது ஆண்களின் விவரத்தைக் குடிவரவுத் துறையே செலக்டிவ் சர்வீஸுக்கு அனுப்பிவிடும். ஆனாலும் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். குடும்பப் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி போட்டால் பதிவு இருக்கிறதா என்று செலக்டிவ் சர்வீஸ் தளத்திலேயே தெரியும். இருந்தால் உறுதிக் கடிதத்தை அச்செடுங்கள். இல்லையென்றால் அங்கேயே பதியலாம்.

பனிமலை:
ஏற்கெனவே 26 தாண்டியவர் பதிய முயன்று நாளைக் கழிக்க வேண்டாம். பதிய வேண்டியிருந்ததா இல்லையா என்று சொல்லும் நிலைத் தகவல் கடிதத்தைச் செலக்டிவ் சர்வீஸிடம் கேளுங்கள். 18 முதல் 26 வரை எந்தத் தேதியில் எந்த விசாவில் எங்கே இருந்தீர்கள் என்று எழுதி, ஆதார நகல்களை இணைக்க வேண்டும். பதியாத காரணத்தைத் தனித்தாளில் எழுதி, அந்தக் கடிதத்தோடு என்-400 நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.