ரசமும் துவையலும் மட்டும் இருந்த அன்றைக்கு விருந்தாளி வந்தார்

சமையலைக் குறைத்துக்கொண்டவர்கள், அதனால் நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

ராத்திரிக்கும் குழம்பு, கூட்டு, பொரியல் என்று வைத்துக்கொண்டிருந்தவள்தான் நான். மகன் பிறந்து வேலைக்குத் திரும்பியதும் முடியவில்லை, ஒரு ரசம், ஒரு துவையல், சுட்ட அப்பளம் என்று இறங்கிவிட்டேன். கொள்கையெல்லாம் இல்லை, அலுப்புதான். ஆனால் ஒரு மாதம் தாண்டாத 14.2 கிலோ சிலிண்டர் இப்போது 40 நாள் வருகிறது.

அப்படி ஒரு ராத்திரி, திருநெல்வேலியிலிருந்து வீட்டுக்காரரின் சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சொதியும் இஞ்சித் துவையலும் வைக்கவேண்டிய மனிதருக்கு என்னிடம் இருந்தது மிளகு ரசமும் பருப்புத் துவையலும். "பத்து நிமிஷம் மாமா, உருளைக்கிழங்கு வறுத்துடறேன்" என்றேன். "அடுப்ப அணைச்சிட்டு நீயும் வந்து உக்காரும்மா" என்றார். விருந்தாளி வந்த நாளில் நான் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கை கழுவிவிட்டு வந்தவர் சொன்னார்: "துவையல் நல்லாருக்கு. ரசத்தத்தான் கொதிக்க விட்டுட்ட." வெட்கமாகிவிட்டது, ஆனால் உண்மை. மூன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ரசத்தின் பக்கத்தில் நான் நின்றதே இல்லை. இப்போது நிற்கிறேன். ஓரத்தில் நுரை வளையமாகக் கிளம்பி நடுவை நோக்கிக் கூடி வரும், அது மூடிக்கொள்வதற்குள் அணைத்து, தாளிப்பைக் கொட்டி மூடிவிட வேண்டும்.

*

எனக்குக் கோவை, இப்போது சென்னையில் தனி அறை, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர். வாரத்தில் நாலு நாள் அரிசிம்பருப்புச் சோறுதான். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் துவரம்பருப்பு, கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், மூன்று விசில், முடிந்தது. ஆபீஸில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்புறம் ஒரு வாய் எடுத்துக்கொண்டு செய்முறையும் வாங்கிப் போனார். மறுவாரம் "அப்படி ஒண்ணும் நல்லா வரலையேப்பா" என்கிறார். விசாரித்தால், நெய்யே ஊற்றவில்லை! எளிமை என்றால் நெய்யிலுமா கை வைப்பது?

*

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்று கேட்கிறேன், எளிமை யாருக்கு? எங்கள் அப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ்தான் எளிய சாப்பாடு. அதற்கு அம்மா முதல் நாள் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, அடுத்த நாள் நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டி, ஆறிய களியை மறுநாள் கரைத்துக் கொடுப்பார். சொம்பைத் தூக்கிக் குடிக்க இரண்டு நிமிஷம். போன சித்திரையில் நான் கிண்டிப் பார்த்தேன், தோள்பட்டை விட்டுப்போனது, கூழெல்லாம் கட்டி. அம்மா கட்டிகளைக் கையால் நசுக்கிக் கரைத்துக் குடித்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை உலை வைத்ததும் துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.