பைபர் பாடிக்கு பிரைமர் அடிச்சா ஓட்டை ஓட்டையா தெரியுது, ஹெல்ப் பண்ணுங்க

கிட் கார் (பார்ட்ஸா வாங்கி நாமளே சேத்து கட்டுற கார்) ஒண்ணு கட்டிட்டு இருக்கேன் மக்களே, பாடி முழுசும் பைபர்கிளாஸ், பெயிண்ட்ட வீட்லயே அடிச்சிடலாம்னு தைரியமா இறங்கிட்டேன். மோல்டுலேர்ந்து (பாடிய வார்த்த அச்சு) ஒட்டிட்டு வந்த மெழுகு போக முதல்ல வேக்ஸ் ரிமூவர் போட்டு தொடச்சு, அப்புறம்தான் ஜெல்கோட்ட (பைபர் மேல இருக்கற வழவழப்பான லேயர்) 320 உப்புத்தாள்ல தேச்சேன், அதுவரைக்கும் ஓகே. 2கே பிரைமர் (ஹார்டனர் கலந்து அடிக்கறது) அடிச்சதும் பானெட் ஓரமா ஊசி குத்துன மாதிரி குட்டி குட்டி ஓட்டை, அதுக்கு முன்னாடி கண்ணுக்கே தெரியல! இன்னொரு கோட் அடிச்சா மூடிக்கும்னு பாத்தா அப்படியே எட்டிப் பாக்குது. ஒவ்வொண்ணையும் கீறி விட்டு பட்டி பாக்கணுமா, இல்ல மொத்தமா ஸ்ப்ரே பட்டி போதுமா? அப்புறம் 2கே-ல ஐசோசயனேட் (மூச்சுல போனா ஆபத்தான கெமிக்கல்) இருக்கறதால சாதா டஸ்ட் மாஸ்க் பத்தாது, வீட்ல அடிக்கறவங்க வெளிக்காத்து வர்ற மாஸ்க்தான் போடுறீங்களா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, கார் ஷெட்ல மூஞ்சி முழுக்க புள்ளியோட நிக்குது.