போன்சாய்: கவாத்து முடிந்த கையோடு தொட்டியும் மாற்றலாமா?

இளங்கன்று:
நாற்றுப்பண்ணையில் வாங்கிய இரண்டு இளம் மரங்கள்: ஒரு ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்), ஒரு ஜூனிபர் (ஊசியிலை மரம்). இரண்டுக்கும் இப்போதுதான் கவாத்து முடிந்தது. தண்ணீர் ஊற்றினால் மேல்மண்ணிலேயே தேங்கி, ஓரமாக வழிந்துவிடுகிறது. ஃபைகஸின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கிறது. வேர் வெட்டுவது, தொட்டி மாற்றுவது, கிளைகளை வளைத்து வடிவமைக்கக் கம்பி கட்டுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? ஆழமில்லாத அழகான தொட்டிகள் தயாராக இருக்கின்றன.

வேர்ப்பித்தன்:
ஒரே மூச்சில் முடித்தால் ஜூனிபரின் மூச்சும் அதோடு முடிந்துவிடும், நண்பரே. வெட்டிய வேர் மீண்டும் வளர இலைதான் உணவு தர வேண்டும். அந்த இலையில் ஒரு பங்கை ஏற்கெனவே கழித்துவிட்டீர்கள். வேர் செத்த பிறகும் ஜூனிபர் பல வாரங்கள் பச்சையாகவே நின்று ஏமாற்றும். நிறம் மங்கும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அடுத்த இளவேனிலில் வளர்ச்சி தொடங்கும்வரை அதை விட்டுவிடுங்கள். அப்போதும் மூன்றில் ஒரு பங்கு வேருக்கு மேல் வெட்ட வேண்டாம். பழைய மண்ணை முழுக்க உதறவும் வேண்டாம். இப்போதைக்கு மெல்லிய குச்சியால் மண்ணில் ஆங்காங்கே துளையிட்டு, தொட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்துவிடலாம்.

நிழல்வலை:
ஜூனிபர் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் ஃபைகஸ் அவ்வளவு நோஞ்சான் அல்ல. வெயில் காலத்தில், தளிர் விட்டுக்கொண்டிருக்கும்போது, கவாத்தையும் தொட்டி மாற்றத்தையும் சேர்த்தே தாங்கும். கழற்றிப் பாருங்கள்: வேர்நுனி வெண்மையாக இருந்தால் நலம், பழுப்பாகக் கூழாகி நாறினால் அழுகல், அதை வெட்டியே ஆக வேண்டும். சுற்றிச் சுற்றி ஓடும் வேர்களைப் பிரித்துக் குறைத்துவிட்டு, தூசி சலித்த 3 முதல் 6 மி.மீ. பருக்கைக் கலவையில் நடுங்கள். நுரைக்கல், எரிமலைக்கல், அகாடாமா (ஜப்பானியக் களிமண் பருக்கை) எதுவானாலும் சரி. வேர்களின் இடுக்கில் காற்றுப்பை தங்காதபடி குச்சியால் குத்தி இறக்குங்கள். மரத்தைத் தொட்டியோடு கம்பியால் இறுகக் கட்டுங்கள். ஆடினால் புது வேர்நுனி அறுந்துவிடும்.

அந்த அழகான தொட்டிகளை மட்டும் பரணில் ஏற்றிவிடுங்கள். சின்னத் தொட்டியில் அடைத்தால் தண்டு பருப்பது மந்தமாகிவிடும். போதாததற்கு, ஒரே கலவையில் அடியில் தேங்கும் ஈர அடுக்கின் உயரம் எந்தத் தொட்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஆழம் குறைந்த தொட்டியில் வேருக்குக் காற்று குறைவு.

இளங்கன்று:
ஃபைகஸுக்குக் கம்பி எப்போது கட்டலாம்? உரம்?

நிழல்வலை:
புதிதாக விட்ட இலைகள் முற்றிக் கரும்பச்சை ஆகட்டும். பிறகு அடித்தண்டை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து நின்றால் வேர் பிடித்துவிட்டது, கம்பியைத் தொடலாம். உரம் புதுத்தளிர் நன்றாக வந்த பின்புதான்.

வேர்ப்பித்தன்:
கட்டிய பிறகு வாரந்தோறும் கவனியுங்கள். ஃபைகஸ் கிளை வேகமாகப் பருக்கும்; கம்பி பட்டைக்குள் புதைந்தால் தழும்பு ஆண்டுக்கணக்கில் போகாது. எடுக்கும்போது சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.